பழைய வண்டிக்குப் புது சைலன்சர்

(கோலார் தங்கவயலில் உள்ள ஒரு தொடர்கல்வி மையத்தில் பைக் மெக்கானிக் ஒருவர் பேசியது)

 

இன்று நாம் சைலன்சரைப் பற்றிப் பேசப் போகிறோம். மோட்டார் பைக்கின் சைலன்சர். அதை வீட்டிலேயே எப்படிக் கழற்றுவது? எப்படி ஒழுங்காக மாட்டுவது? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

‘இதற்கு ஒரு கூட்டமா?’ என்று சிலர் நினைக்கலாம். விடியற்காலையில் நம் ஊரில் என்ன சத்தம் கேட்கிறது? ஒன்று ரயில் சத்தம். இன்னொன்று அந்த ரயிலைப் பிடிக்க ஓடும் பைக்குகளின் சத்தம். 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் ஊர் ஆட்களில் எத்தனையோ பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிகுப்பமோ, சாம்பியனோ, கொரமண்டலோ, ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு வண்டி வேண்டும். புது வண்டி வாங்க எல்லோராலும் முடியுமா? அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறான். அண்ணன் ஓட்டிய வண்டியைத் தம்பி ஓட்டுகிறான். இருபது வயது, இருபத்தைந்து வயது ஆன வண்டிகள் நம் தெருவில் ஓடுகின்றன.

வண்டி நின்றுவிட்டால் ரயில் போய்விடும். ரயில் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் சைலன்சர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

இஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. ஒவ்வொரு முறை எரிவதும் ஒரு சின்ன வெடி மாதிரி. நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருப்பது 100 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அது சும்மா நிற்கும்போதே இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அப்படியானால் நிமிடத்துக்கு 700 வெடி. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் சூடான புகை வெளியே பாய்கிறது. அதை அப்படியே வெளியே விட்டால் தெருவே தாங்காது. அதனால்தான் ஒரு குழாய் போட்டு, அதன் முடிவில் ஒரு பெரிய உருளையை வைத்திருக்கிறார்கள். உருளைக்குள் தடுப்புகள் உண்டு. துளை போட்ட குழாய்கள் உண்டு. புகை அறை அறையாகப் புகுந்து, மோதித் திரும்பி, வேகம் குறைந்து வெளியே வருகிறது. சத்தமும் அடங்குகிறது.

முன்னால் வளைந்து வரும் குழாயைப் பெண்ட் பைப் என்கிறோம். பின்னால் உள்ள உருளைதான் சைலன்சர். பல 100 சி.சி. வண்டிகளில் இரண்டும் ஒரே துண்டாக வருகின்றன. சில வண்டிகளில் தனித்தனியாக இருக்கும். நடுவில் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

இந்தச் சைலன்சர் ஏன் துருப்பிடித்து ஓட்டையாகிறது? மழையில் நனைவதால் என்று சொல்வீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆம், தண்ணீர்தான்! ஆவியாக வெளியே போவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. குளிர்காலக் காலையில் சைலன்சர் நுனியில் வெள்ளைப் புகை வரும். சொட்டுச் சொட்டாக நீர் விழும். பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர்தான் இது.

வண்டி நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் முழுவதும் நன்றாகச் சூடாகும். தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். நாம் என்ன செய்கிறோம்? காலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டி ஸ்டேஷனில் நிறுத்துகிறோம். இரவு மூன்று கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வருகிறோம். சைலன்சரின் பின்பாதி சூடேறுவதே இல்லை. உள்ளே தங்கிய நீர் அங்கேயே கிடக்கிறது. புகையில் உள்ள அமிலமும் அதில் சேர்கிறது. தகடு உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே குரோமியம் பளபளக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும்!

பல சைலன்சர்களின் அடியில் ஒரு சிறிய துளை இருக்கும். அது தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி போட்ட துளை. அதைப் பார்த்துவிட்டு ‘ஓட்டை விழுந்துவிட்டது’ என்று வெல்டிங் வைத்து அடைத்துக்கொண்டு வருகிறார்கள் சிலர். அடைக்காதீர்கள். கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், போதும். வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் தூரமாக, அரைமணி நேரம் ஓட்டினாலும் சைலன்சருக்கு நல்லது.

சரி, சைலன்சர் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்? சத்தம் மாறும். முறுக்கும்போது ‘பட் பட்’ என்று முன்பக்கமிருந்து சத்தம் வரும். ஆக்சிலேட்டரை விட்டதும் ‘டப்’ என்று வெடிக்கும். இஞ்சினோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் கரி படிந்திருக்கும். அங்கேதான் பேக்கிங் போயிருக்கிறது என்று பொருள். பின்பக்கம் ‘கடகட’ என்று ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. அல்லது தாங்கும் பட்டை விரிசல் விட்டிருக்கிறது. தகரக் குவளையில் கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி கேட்டால் உள்ளே தடுப்பு உடைந்துவிட்டது. அதற்குப் புதுச் சைலன்சர்தான் வழி.

எல்லாக் கோளாறுக்கும் புதுசு வாங்க வேண்டியதில்லை. பேக்கிங் மட்டும் போயிருந்தால் பேக்கிங் மட்டும் மாற்றுங்கள். அது மிகக் குறைந்த விலைச் சாமான். ‘சைலன்சரையே மாற்ற வேண்டும்’ என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டச் சொல்லுங்கள்.

இப்போது வேலையை நிறுத்திவிட்டு ஒரு முக்கியமான செய்தி சொல்கிறேன். இதை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும்.

நம் வீடுகள் லைன் வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. வண்டியைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து இரவில் வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்துகிறோம். காலையில் இருட்டில், குளிரில், கதவைச் சாத்தியபடியே ஸ்டார்ட் செய்து ‘கொஞ்சம் சூடாகட்டும்’ என்று விடுகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே பிள்ளைகள் படுத்திருக்கும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு இந்த விஷவாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடம் ஏது? முதலில் தலை வலிக்கும். மயக்கம் வரும். வாந்தி வரும். தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. அப்படியே உயிர் போகும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிது இல்லை. சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பாறையில் வெடி வைத்தபின் உடனே உள்ளே போவீர்களா? புகை போகட்டும், நல்ல காற்று வரட்டும் என்று காத்திருப்பீர்கள். அந்த வெடிப்புகையிலும் இதே வாயு உண்டு. சுரங்கத்தில் கடைப்பிடித்த எச்சரிக்கையை வீட்டில் ஏன் விட வேண்டும்?

வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். அங்கே ஸ்டார்ட் செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். போதாது. சைலன்சர் வேலையும் திறந்த வெளியில்தான். யாருக்காவது புகையால் மயக்கம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 108-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, சரியான சாமான் வாங்குவது. கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தையோ அதன் நகலையோ எடுத்துச் செல்லுங்கள். அதில் வண்டியின் மாடல், தயாரான மாதம், வருடம் எல்லாம் இருக்கும். ஒரே பெயருள்ள வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு சைலன்சர் மாறியிருக்கும். ‘ஸ்ப்ளெண்டருக்கு ஒன்று கொடு’ என்று கேட்டால் கடைக்காரர் எதையோ கொடுப்பார். மாட்டும்போதுதான் துளை சேராது.

டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். சாமானின் எண், எந்த மாடலுக்கு உரியது, அதிகபட்ச விலை, எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த விலைக்குமேல் கேட்கக் கூடாது. வண்டியில் ‘ஹீரோ ஹோண்டா’ என்று இருக்கும், டப்பாவில் ‘ஹீரோ’ என்று மட்டும் இருக்கும். பயப்படாதீர்கள். அந்த இரண்டு கம்பெனிகளும் பிரிந்தபின் 2011-ல் பெயர் மாறியது. அவ்வளவுதான். சாமானின் எண் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெங்களூரில் வேலை செய்கிறவர்கள் ஜே.சி. சாலைக் கடைகளில் விசாரிக்கலாம். பழைய மாடல்களுக்கு அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கம்பெனிச் சாமான் இல்லாமல் வேறு தயாரிப்பு வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள். பழையதைவிட மிகவும் இலேசாக இருந்தால் தகடு மெல்லியது. சீக்கிரம் போய்விடும். தாங்கும் பட்டையில் வெல்டிங் முழுவதும் ஓடியிருக்கிறதா, இரண்டு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சைலன்சரோடு புதுப் பேக்கிங் ஒன்றும் வாங்குங்கள். பழைய பேக்கிங் ஒருமுறை நசுங்கியது. மறுபடி அடைக்காது.

ஆயுதங்கள் அதிகம் வேண்டாம். முன்பக்க நட்டுக்குப் பெரும்பாலும் பத்தாம் எண் ஸ்பேனர். பின்பக்க போல்ட்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதினான்கு. ஸ்பேனரிலேயே எண் அச்சிட்டிருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், ஒரு பழைய துணி, துரு இளக்கும் எண்ணெய். இவ்வளவுதான். ஜாவா, எஸ்டி வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு கதை. அவற்றில் பெண்ட் பைப்பைப் பெரிய வளைய நட்டு பிடித்திருக்கும். அதற்குக் கொக்கி ஸ்பேனர் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் நட்டின் இறக்கைகள் உடைந்துவிடும். மைசூரில் அந்தத் தொழிற்சாலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே பழைய நட்டைப் பத்திரமாகக் கழற்றுங்கள்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்தவுடன் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முந்தின நாள் இரவே ஒரு வேலை செய்துவிடுங்கள். முன்பக்கத்தில் இரண்டு நட்டுகள் இருக்கும். இஞ்சின் ஹெட்டிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு ஸ்டட்டில் அவை மாட்டியிருக்கும். அந்த மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கை எடுங்கள். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் மறுபடி கொஞ்சம் விடுங்கள்.

ஏன் இவ்வளவு பொறுமை? ஸ்டட் இரும்பு. அது இறங்கியிருக்கும் ஹெட் அலுமினியம். இரும்பைவிட அலுமினியம் மென்மையானது. வருடக்கணக்கில் சூடும் மழையும் பட்டு நட்டு ஸ்டட்டோடு ஒட்டிப்போயிருக்கும். பலம் போட்டுத் திருகினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஸ்டட் முறியும். அல்லது ஹெட்டில் உள்ள மரையே பிய்ந்துகொண்டு வரும். பத்து நிமிட வேலை, லேத் பட்டறை வேலையாகிவிடும். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டு நட்டுகளால்தான்.

ஆகவே முதலில் நட்டை இலேசாக இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள். மயிரளவு அசைந்தால் போதும். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று தளர்த்தி, மறுபடி சற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். துரு பொடியாகி வெளியே விழும். வரவில்லையா? இன்னொரு நாள் எண்ணெயில் ஊறட்டும். அப்போதும் வரவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஸ்டட் முறிந்துவிட்டால் வீட்டில் துளைபோட முயற்சி செய்யாதீர்கள். துளை கோணலாகப் போனால் ஹெட்டே வீண்.

நட்டு இளகியதும் முன்பக்க நட்டுகளைக் கழற்றிவிடுங்கள். அதன்பின் பின்பக்க போல்ட்டைக் கழற்றுங்கள். ஏன் இந்த வரிசை? பின்பக்கத்தை முதலில் விட்டால் சைலன்சரின் எடை முழுவதும் முன்பக்க ஸ்டட்டில் தொங்கும். ஸ்டட் வளைந்துபோகும். பின் போல்ட்டை எடுக்கும்போது இன்னொருவர் சைலன்சரைக் கையில் தாங்கிக்கொள்ளட்டும். வீட்டில் அம்மாவோ மனைவியோ பிடித்துக்கொள்ளலாம். இந்த ஊரில் ஸ்பேனர் பிடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் கழற்றட்டும், நாம் தாங்குவோம்!

கழற்றிய நட்டு, வாஷர், ரப்பர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். சில மாடல்களில் பெண்ட் பைப்பின் நுனியில் இரண்டு அரைவட்டத் துண்டுகள் இருக்கும். அவை கீழே விழுந்து உருண்டு ஓடிவிடும். தேடி எடுத்து வையுங்கள். எது எங்கே இருந்தது என்று நோட்டில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

இஞ்சினின் புகைத் துவாரத்தில் பழைய பேக்கிங் ஒட்டியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பேக்கிங்குகள் பலவற்றில் கல்நார் உண்டு. அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். பல வருடங்கள் கழித்து நோய் வரும். புற்றுநோய்கூட வரும். பாறைத் தூசி நெஞ்சுக்குள் போய் என்ன செய்தது என்று தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருமி இருமி மாய்ந்தவர்கள் நம் வீட்டிலேயே இருந்தார்கள். ஆகவே பேக்கிங்கைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வாயால் ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனையுங்கள். மழுங்கிய திருப்புளியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பேக்கிங்கையும் துணியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். நெம்பும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பாருங்கள். கீறல் வழியாகப் புகை கசியும்.

இனி மாட்டும் வேலை. புதுப் பேக்கிங்கில் துளி கிரீஸ் தடவித் துவாரத்தில் ஒட்டவையுங்கள். இல்லாவிட்டால் அது விழுந்துகொண்டே இருக்கும். ஸ்டட்டின் மரையில் செம்பு கலந்த கிரீஸ் கொஞ்சம் தடவினால் அடுத்த முறை நட்டு ஒட்டாது. சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் எரிந்துபோகும்.

பெண்ட் பைப்பை நேராகத் துவாரத்தில் பொருத்துங்கள். அரைவட்டத் துண்டுகள் இருந்தால் அவற்றை வையுங்கள். முன்பக்க நட்டுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனர் இப்போது வேண்டாம். பிறகு பின்பக்க போல்ட்டையும் கையாலேயே மாட்டுங்கள். எல்லாம் தளர்வாக இருக்கும்போது சைலன்சரை அசைத்து அதற்குரிய இடத்தில் உட்காரவையுங்கள்.

பின் துளை சேரவில்லையா? நெம்புகோல் போட்டு இழுக்காதீர்கள். அப்படி இழுத்து மாட்டினால் குழாய் எப்போதும் முறுக்கேறியே நிற்கும். ஓடும் அதிர்வில் பட்டையோ ஸ்டட்டோ ஒருநாள் உடையும். முன்பக்கத்தை இன்னும் தளர்த்தி மறுபடி பொருத்திப் பாருங்கள். சின்ன இடைவெளி என்றால் வாஷர் வைத்து நிரப்பலாம். நிறைய விலகியிருந்தால் சாமான் தவறு. திருப்பிக் கொடுங்கள். அதற்காகத்தான் ரசீது வாங்க வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகு முன்பக்கத்தை முதலில் இறுக்குங்கள். இந்த நட்டுக்குக் கொஞ்சம், அந்த நட்டுக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் குழாய் கோணலாக உட்காரும். ஸ்பேனரின் நீளத்துக்குமேல் குழாய் சொருகிப் பலம் போடக் கூடாது. ஒரு கையின் பலம் போதும். அதன்பின் பின்பக்க போல்ட்டை நன்றாக இறுக்குங்கள். காலில் சூடு படாமல் தடுக்கும் தகடு இருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள். ‘ஒரு ஸ்க்ரூதானே’ என்று அதை விட்டுவிடுகிறார்கள். பின்னால் உட்காரும் குழந்தையின் கெண்டைக்கால் படுவது அங்கேதான்.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்பொடி, பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் இலேசாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டார்ட் செய்யுமுன் பின் பிரேக் மிதியை அழுத்திப் பாருங்கள். சைலன்சரில் இடிக்கிறதா? கிக்கர் தட்டுகிறதா? சென்டர் ஸ்டாண்டு மேலே போய் எதில் முட்டுகிறது? சில வண்டிகளில் அங்கே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டாண்டு சைலன்சரை அடித்துக்கொண்டே இருக்கும்.

சோப்புத் தண்ணீரை முன்பக்க மூட்டில் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. முதல் சில நிமிடம் மூட்டிலிருந்து கொஞ்சம் புகை வரும். தடவிய கிரீஸும் எண்ணெயும் எரிகின்றன. அது நின்றுவிடும். நிற்காவிட்டால் பேக்கிங் சரியாக உட்காரவில்லை. நாலு நாள் ஓட்டியபின், இஞ்சின் ஆறியிருக்கும்போது, எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். சூட்டில் பேக்கிங் படியும், நட்டு தளரும்.

ஓட்டைக்கு எம்-சீல் வைத்து அடைக்கலாமா என்று கேட்பார்கள். இஞ்சின் பக்கம் புகை பல நூறு டிகிரி சூட்டில் வருகிறது. அந்தப் பசை ஒரு நாள்கூடத் தாங்காது. தகடு கெட்டியாக இருக்கும் இடத்தில் ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். சைலன்சரைக் கழற்றிக்கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும். வண்டியிலேயே, பெட்ரோல் டாங்குக்குக் கீழே, தீப்பொறி பறக்க வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாட்டு.

ஆர்.எக்ஸ். 100, ராஜ்தூத் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் கரி படியும். வண்டி மேடு ஏறாது. இஞ்சின் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆர்.எக்ஸ். 100-இன் சைலன்சர் நுனியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பேஃபிள் குழாயை இழுத்து எடுக்கலாம். கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டுங்கள். திருப்பி மாட்டுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன், தம்பிகளே! சத்தத்துக்காக அதை எறிந்துவிடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையிலேயே இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

வெடிச்சத்தம் போட்டால் வண்டிக்கு வேகம் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவம்கூட இஞ்சினின் பலத்தைத் தீர்மானிக்கிறது. மாற்றினால் பலம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் இந்த லைனில் எத்தனை பேர்! இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சட்டமும் சும்மா விடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சத்தம் அல்லது புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மூன்று மாதச் சிறையும் உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் பறிபோகும். பல நகரங்களில் இப்படிப்பட்ட சைலன்சர்களைக் காவல்துறையினர் குவித்துப் போட்டு ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக, புகைச் சோதனைச் சான்று. பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சும்மா நிற்கும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளப்பார்கள். 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதற்குப் பிந்திய பழைய வண்டிகளுக்கு 3.5 சதவீதம். சீட்டில் எண் அச்சாகி வரும். அதைப் படித்துப் பாருங்கள். சைலன்சர் மூட்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு தப்பாக வரும். ஆகவே சைலன்சரைச் சரிசெய்த பிறகு சோதனைக்குப் போங்கள். எண் கூடுதலாக இருந்தால் கோளாறு கார்புரேட்டரிலோ ஏர் ஃபில்டரிலோ இருக்கும். அடுத்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

சந்தேகம் இருந்தால் இப்போது கேளுங்கள். கேட்டு முடித்ததும் வெளியே வாருங்கள். ஒரு பழைய சி.டி. 100 நிற்கிறது. முன்பக்க நட்டுகளில் நேற்று இரவே எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். உங்களில் இரண்டு பேர் கழற்றுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.